பேச்சின் இடைவெளியில் நுழையும் தாமதம்

நேரில் மணிக்கணக்காகப் பேசினாலும் வராத களைப்பு, அரை மணி நேரக் காணொளிக் கூட்டத்தில் ஏன் வந்துவிடுகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். திரையை உற்றுப் பார்ப்பதும் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதும் பலரும் அறிந்த காரணங்கள். அவற்றைவிட முக்கியமாக எனக்குப் படுவது நேரம்.

ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் எவ்வளவு நேரத்தில் தொடங்குகிறார்? 2009இல் வெளியான ஓர் ஆய்வு, பத்து மொழிகளில் ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விகளை எடுத்துக்கொண்டு இதை அளந்தது. சராசரி இடைவெளி ஏறத்தாழ 200 மில்லிவிநாடி, அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். மிக விரைவான ஜப்பானிய மொழிக்கும் மிக நிதானமான டேனிஷ் மொழிக்கும் இடையேகூட அரை விநாடி வேறுபாடு இல்லை.

இதில்தான் வியப்பு இருக்கிறது. ஒரு படத்தைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னால், அந்த ஒற்றைச் சொல் வாயிலிருந்து வெளிவரவே சுமார் 600 மில்லிவிநாடி ஆகிறது. அப்படியிருக்க 200 மில்லிவிநாடியில் பதில் வருகிறதென்றால், எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நம் மூளை அவருடைய வாக்கியம் எங்கே முடியும் என்று அதன் அமைப்பையும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் கொண்டு கணித்து, பதிலையும் ஆயத்தமாக வைத்துக்கொண்டு, முடிவின் அறிகுறிக்காகக் காத்திருக்கிறது என்றே பொருள்.

இணையவழி அழைப்பில் குரல் பொதுவாக 20 மில்லிவிநாடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு அனுப்பப்படுகிறது. கண்ணாடி இழையில் 1,000 கிலோமீட்டரைக் கடக்க 5 மில்லிவிநாடி போதும். ஆனால் துண்டுகள் முன்பின்னாக வந்து சேர்வதால், பெறும் கருவி அவற்றைச் சற்றே தேக்கிவைத்து ஒழுங்குபடுத்த வேண்டியிருக்கிறது. ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருப்பது நல்லது என்கிறது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. தாமதம் சரியாக அந்த எல்லையில் இருந்தாலும், என் கேள்வி போய்ச் சேரும் தாமதமும் உங்கள் பதில் திரும்பும் தாமதமும் கூடுவதால், நீங்கள் 200 மில்லிவிநாடியில் சொன்ன பதில் எனக்கு 500 மில்லிவிநாடி கழித்தே கேட்கும். உங்கள் கணக்கில் நீங்கள் சரியான நேரத்தில்தான் பேசினீர்கள். என் கணக்கில் நீங்கள் தயங்கினீர்கள். அந்த மௌனத்தை நிரப்ப நான் வாயைத் திறக்கும்போது உங்கள் குரல் வந்து மோதுகிறது. “நீங்கள் சொல்லுங்கள்”, “இல்லை, நீங்கள் சொல்லுங்கள்” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்லி, மறுபடியும் ஒரே நேரத்தில் நிறுத்துகிறோம். கணிப்பு ஒவ்வொரு முறையும் தவற, மூளை அதைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. களைப்பின் ஒரு பங்கு இங்கிருந்து வருகிறது என்பது என் கருத்து.

களைப்பைவிடக் கவலை தருவது வேறொன்று. தாமதத்தைச் செயற்கையாகக் கூட்டிப் பார்த்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. அதில் பங்கேற்றவர்கள் இணைப்பைக் குறை கூறாமல், மறுமுனையில் இருந்தவரையே கவனக் குறைவானவராக மதிப்பிட்டார்கள். பதில் விரைந்து வரும் உரையாடல்களில் மனிதர்கள் கூடுதல் நெருக்கத்தை உணர்கிறார்கள் என்று 2022இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. வேலைக்கான நேர்காணலும் பணி மதிப்பீடும் திரைவழியே நடக்கும் காலத்தில், மோசமான இணைப்பு உள்ளவர் தம்மிடம் இல்லாத தயக்கத்துக்காக மதிப்பெண் இழக்கிறார். படத்தின் தெளிவைக் கூட்டச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியாவது தாமதத்தைக் குறைக்கும் ஆய்வுக்குப் போக வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதுவரை கம்பி வழி இணைப்பையும் கம்பியுள்ள ஒலிவாங்கியையும் பயன்படுத்தினால் சில பத்து மில்லிவிநாடிகளையாவது மீட்கலாம். நேர்காணல் நடத்துபவர்கள், பதில் தாமதமானால் இன்னும் ஒரு விநாடி பொறுத்து, அதன் பிறகு அடுத்த கேள்விக்குப் போகலாம்.