பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் ரெக்கார்டிங்கைப் பாருங்கள்

போன ஆவணியில் பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் இருந்த செட்டாப் பாக்ஸ் ஆன் ஆவதும் அணைவதுமாக இருந்தது. கம்பெனியில் சொல்லி மாற்றுப் பெட்டியும் வந்துவிட்டது. பழையதைக் கழற்றிப் பையில் வைக்கும்போது அந்த வீட்டு அக்கா சொன்னார்: "தம்பி, அதுல எங்க ஆச்சி டிவியில பேசினது கெடக்கு. அதை எடுத்துப் புதுசுல போட்டுத் தந்துருங்க."

விவசாய நிகழ்ச்சி ஒன்றில் ஆச்சி பாரம்பரிய நெல்லைப் பற்றி ஏழு நிமிடம் பேசியிருக்கிறார். இப்போது ஆச்சி இல்லை. தீபாவளிக்கு எல்லோரும் கூடும்போது அதைப் போட்டுப் பார்ப்பார்களாம். அந்தப் பதிவை எடுக்க முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னேன்.

டிஷ் தொழிலில் இருக்கும் நாங்கள் கனெக்‌ஷன் கொடுக்கும் அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும். பெட்டி ஒரு நிகழ்ச்சியைப் பதியும்போது அதைப் பூட்டித்தான் வைக்கிறது. பூட்டைத் திறக்கும் சாவி அந்தப் பெட்டியின் சிப்பிலும் அதில் செருகியிருக்கும் கார்டிலும் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினால் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். பதற்றத்தில் 'ஆம்' கொடுத்து மொத்தத்தையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே கம்பெனியின் இன்னொரு பெட்டியில் மாட்டினாலும் இதே கதைதான். டிவியின் பின்பக்கம் யூ.எஸ்.பி.யில் ரெக்கார்ட் செய்யும் வசதியும் பெரும்பாலும் இப்படித்தான், பதிந்த டிவியில் மட்டுமே ஓடும். ரீசார்ஜ் முடிந்துவிட்டால் பழைய பதிவுகளைக்கூடக் காட்டாத பெட்டிகளும் உண்டு.

ரெக்கார்ட் செய்வதே தப்போ என்று சிலர் பயப்படுகிறார்கள். சொந்த உபயோகத்துக்காக ஒளிபரப்பைப் பதிந்துகொள்வதை 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவே அனுமதிக்கிறது. சட்டம் அனுமதிப்பதைப் பெட்டி பூட்டி வைக்கிறது, அவ்வளவுதான். அதற்காகப் பூட்டை உடைத்துத் தருகிறேன் என்று வருபவரிடம் பெட்டியைக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்து எல்லா வீட்டிலும் கேட்பது: "ஹால்ல பதிஞ்சதை மாடி டிவியில பாக்கணும்." மாடிக்கு இரண்டாவது கனெக்‌ஷன் வாங்கினால் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். நம் ஊரில் சாதாரணமாகத் தரும் இரண்டாவது கனெக்‌ஷன் என்பது தனிப் பெட்டி, தனிக் கார்டு. ஹால் பெட்டிக்குள் இருப்பது அதற்குத் தெரியாது. பதிவை நகர்த்த முடியாது, படத்தைத்தான் கொண்டுபோக வேண்டும்.

அதற்கு எச்.டி.எம்.ஐ. ஸ்பிளிட்டர் போதும். ஒரு பெட்டியின் படத்தை இரண்டு, நான்கு டிவிகளுக்குப் பிரிக்கும். எல்லாவற்றிலும் ஒரே படம்தான் ஓடும் என்பதை வாங்கும் முன்பே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். ஒரு பழைய டிவியைச் சேர்த்தால், பல ஸ்பிளிட்டர்கள் அந்தப் பழைய டிவியின் தரத்துக்கே மற்ற எல்லா டிவிக்கும் படத்தை இறக்கிவிடும். நகல் எடுப்பதைத் தடுக்கும் எச்.டி.சி.பி. என்னும் பாதுகாப்பு ஒத்துப்போகாவிட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். டிவி கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடாதீர்கள். ஸ்பிளிட்டரை எடுத்துவிட்டு நேரே மாட்டிப் பாருங்கள்.

மாடி வரை சாதாரண எச்.டி.எம்.ஐ. ஒயரை இழுக்காதீர்கள். பத்து மீட்டரைத் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரும். கேட்-6 என்னும் நெட்வொர்க் ஒயர் வழியாகப் படத்தைத் தூரம் கொண்டுபோகும் எக்ஸ்டெண்டர் வாங்குங்கள், நாற்பது ஐம்பது மீட்டர் போகும். மாடியில் அழுத்தும் ரிமோட்டின் சிக்னலைக் கீழே பெட்டிக்குச் சேர்க்கும் ரிமோட் கண் அதில் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் மாடியில் இருக்கும் தாத்தா ஒவ்வொரு முறை நிறுத்தவும் ஓட்டவும் படி இறங்க வேண்டும். எழுபது வயதுக்கு மேல் அது சின்ன விஷயமில்லை.

கேபிள் டிவி ஸ்பிளிட்டரை டிஷ் ஒயரில் போட்டுச் செலவைக் குறைக்கப் பார்ப்பதும் உண்டு. டிஷ் முனையில் சிக்னலை வாங்கும் எல்.என்.பி.க்குப் பெட்டி 13 அல்லது 18 வோல்ட் அனுப்பித்தான் எந்தச் சேனல் தொகுதி வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிறது. இரண்டு பெட்டிகள் ஒரே நேரத்தில் வேறு வேறு வோல்ட் கேட்டால் ஒன்றில் பாதி சேனல்கள் காணாமல் போகும். இரண்டு அல்லது நான்கு வழி எல்.என்.பி. போடுவதே சரி. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எல்லா டிவியும் ஒயரால் பிணைந்திருந்தால், டிஷ் வழியாக வரும் மின்னல் ஒன்றையும் விடாது. மேகம் கறுக்கும்போதே டிஷ் ஒயரைப் பெட்டியிலிருந்து கழற்றிவிடுங்கள். இடி இடிக்கத் தொடங்கிய பிறகு ஒயரைத் தொடாதீர்கள்.

தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதில் பூட்டில்லாத சேனல்கள் இருக்கின்றன. பென் டிரைவில் பதிந்ததைக் கழற்றி அடுத்த டிவியில் செருகினால் பெரும்பாலும் ஓடும். ஃபேட்-32 என்னும் பழைய முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ் ஒரு ஃபைலில் 4 ஜி.பி.க்கு மேல் ஏற்காது, அதனால் நீளமான நிகழ்ச்சி துண்டு துண்டாகக் கிடக்கும்.

மற்றவர்கள், உங்கள் வீட்டார் தோன்றும் பதிவு எதுவாக இருந்தாலும் இன்றைக்கே அதை ஓட்டுங்கள். விளக்கை அணைத்து, போனை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, திரையைப் படமெடுங்கள். தரம் குறையும், ஆனால் குரல் இருக்கும். பெட்டி கெட்ட பிறகு இதற்கும் வழியில்லை.

அந்த அக்காவிடம் ஒளிபரப்பான அன்று யாராவது போனில் எடுத்தார்களா என்று கேட்டேன். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். தென்காசியில் இருக்கும் சித்தப்பாவிடம் 40 விநாடி இருந்தது, ஆச்சி நெற்கதிரைக் கையில் பிடித்தபடி சிரிக்கும் இடம். அதை வாங்கிப் பென் டிரைவில் ஏற்றி, வீட்டிலிருந்த மூன்று டிவியிலும் ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் கிளம்பினேன்.