பார்க்வே – பூங்காச்சாலை

பார்க்வே: பூங்காவோடு இணைந்து, தானும் பூங்காவாகவே அமைந்த அகன்ற சாலை. தமிழில் பூங்காச்சாலை.

'பார்க்' என்ற சொல் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அரசரும் பிரபுக்களும் வேட்டைக்காக வளைத்துப் போட்ட காட்டு நிலத்தையே முதலில் அது குறித்தது. பொதுமக்கள் உலாவும் இடம் என்ற பொருள் பிறகு வந்தது. அதனுடன் வழியைக் குறிக்கும் 'வே' சேர்ந்த இந்தக் கூட்டுச்சொல்லை 1860களில் வழக்குக்குக் கொண்டுவந்தவர்கள், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலுள்ள பிராஸ்பெக்ட் பூங்காவை வடிவமைத்த ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட், கால்வர்ட் வாக்ஸ் இருவரும். பூங்கா எவ்வளவு பெரிதானாலும் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் அன்றாடம் பயன்படும். அதனால் பூங்காவிலிருந்து பசுமையைச் சாலையாக நீட்டி, தொலைவிலுள்ள குடியிருப்புகளோடு இணைக்கலாம் என்றார்கள்.

புரூக்ளினிலிருந்து கோனி ஐலண்ட் கடற்கரைப் பக்கம் போகும் ஓஷன் பார்க்வேயின் அகலம் 210 அடி. நடுவில் 70 அடிச் சாலை. அதன் இருபுறமும் 30 அடி மரத்திட்டுகள். அவற்றுக்கு வெளியே 25 அடிப் பக்கச்சாலைகள். கடைசியில் 15 அடி நடைபாதைகள். நடுச்சாலை உலாப்போகும் குதிரை வண்டிகளுக்கு. சரக்கு வண்டியும் வீட்டுக்கு வந்துபோகும் வண்டியும் பக்கச்சாலையோடு நின்றுவிடும். இரண்டு போக்குவரத்தையும் பிரித்து வைப்பது மரத்திட்டுதான். ஆகவே அதை வெறும் அழகு வேலை என்று சொல்வது தவறு. 1894இல் இந்தத் திட்டு ஒன்றில்தான் மிதிவண்டிக்கெனத் தனிப்பாதை போட்டார்கள்.

புறநகர் வரலாற்றிலும் இந்தச் சொல்லுக்கு இடமுண்டு. சிகாகோவுக்கு மேற்கே, ரயில் பாதையை ஒட்டி 1,600 ஏக்கரில் ரிவர்சைட் என்ற குடியிருப்பை 1868–69இல் இதே இருவரும் வடிவமைத்தார்கள். தெருக்கள் வளைந்து செல்லும். புல்வெளியைப் பார்க்கும் கண்ணுக்குத் தெரு குறுக்கே நிற்காதபடி தளத்தைச் சற்றுத் தாழ்த்தியிருந்தார்கள். வீடுகள் தெருவிலிருந்து 30 அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. இங்கிருந்து சிகாகோ வரை ஒரு பூங்காச்சாலையும் திட்டத்தில் இருந்தது. ஆனால் 1871 சிகாகோ தீவிபத்து, 1873 நிதி நெருக்கடி என்று அடுத்தடுத்து வந்த இடிகளில் குடியிருப்பை உருவாக்கிய நிறுவனம் நொடித்துப்போனது. சாலை முழுமை பெறவில்லை.

கார் வந்ததும் பொருள் நகர்ந்தது. 1925இல் முடிந்த பிராங்க்ஸ் ரிவர் பார்க்வே, ஆற்றங்கரைப் பூங்காவினூடே கார்களுக்கென்றே போட்ட சாலை. குறுக்குத் தெருக்கள் பலவற்றைப் பாலத்தின் மேல் ஏற்றிவிட்டார்கள். நினைத்த இடத்தில் உள்ளே நுழையவும் முடியாது. நியூயார்க்கில் இவ்வகைச் சாலைகளில் லாரிகளுக்குப் பொதுவாகத் தடை உண்டு. பல பாலங்கள் தாழ்வானவை. காருக்கான வழிகாட்டிச் செயலியை நம்பி நுழையும் லாரிகள் இன்றும் பாலத்தில் முட்டிச் சிக்குகின்றன.

சிகாகோ வட்டாரப் பேச்சில் 'பார்க்வே' இன்னொன்றையும் குறிக்கும்: நடைபாதைக்கும் தெருவிளிம்புக்கும் இடைப்பட்ட புல்திட்டு. நாலடிகூட இல்லாத திட்டில் பெரிய மரத்தை நட்டால் பருத்துவரும் வேர் நடைபாதைப் பலகத்தைத் தூக்கிவிடும். மண் இறுகி, பனிக்காலத்தில் தெருவில் தூவும் உப்பும் சேர்ந்தால் மரம் நுனியிலிருந்து காயும்.

மொழிபெயர்ப்பில் 'விரைவுச்சாலை' என்று எழுதினால் மரமும் பூங்காவும் காணாமல் போகின்றன. வண்டி நிறுத்தும் 'பார்க்கிங்'கோடு குழப்பி 'நிறுத்தவழி' என்பது முழுப் பிழை. இருபுறமும் மரம் செறிந்த பெருவழி என்ற பொருள் 'சாலை'க்குத் தமிழில் முன்பே உண்டு. பூங்காவைக் குறிக்கும் 'கா' என்பதும் சோலையே. ஆகவே பூங்காச்சாலை வலிந்து ஆக்கிய சொல்லாக ஒலிக்காது. 'ச்' விடாமல் சேர்த்தே எழுதுங்கள். 'பூங்கா சாலை' என்று பிரித்தால் ஏதோ தெருப்பெயராகிவிடும். சிகாகோப் பொருளுக்குத் தெருவோரப் புல்திட்டு போதும். ஈஸ்டர்ன் பார்க்வே, ஓஷன் பார்க்வே போன்ற இடப்பெயர்களை மொழிபெயர்க்காமல் அப்படியே விடுங்கள்.