பச்சை விதை, பச்சை பிஸ்கட்

காலை ஆறரைக்கு டல்லாஸிலிருந்து தங்கையின் வீடியோ அழைப்பு. அங்கே முந்தைய நாள் இரவு எட்டு மணி. “அண்ணா, நேத்து சுட்ட பிஸ்கட் உள்ளே பச்சையா இருக்கு பாரு. பூசணம் பிடிச்சிடுச்சா?” என்று பாதியாக உடைத்த பிஸ்கட் ஒன்றைக் கேமராவுக்கு முன்னால் நீட்டினாள். வெளியே நல்ல பொன்னிறம். உள்ளே பாசிப்பயறுத் தோல் மாதிரி ஒரு பச்சை, ஓரத்திலிருந்து கொஞ்சம் தள்ளித் தொடங்கி நடுவரைக்கும் ஒரே சீராக.

பூசணம் அப்படி வராது. மேற்பரப்பில்தான் முதலில் பிடிக்கும், அதுவும் திட்டுத் திட்டாக, பஞ்சு மாதிரி. மாவில் என்னென்ன போட்டாய் என்று கேட்டேன். கோதுமை மாவு, நாட்டுச் சர்க்கரை, சோடா உப்பு, அப்புறம் பீனட் பட்டருக்குப் பதிலாக மிக்ஸியில் தானே அரைத்த, வறுக்காத பச்சைச் சூரியகாந்திப் பருப்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பயப்படாதே, சாப்பிடலாம்” என்றேன். ஏன் என்று அவள் கேட்டதற்கு அந்த அவசரத்தில் பதில் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டிய விஷயம் அது.

சூரியகாந்தி அவள் சமையலறைக்குள் வந்ததற்குக் காரணம் அவளுடைய ஆறு வயது மகன். அவனுக்கு வேர்க்கடலை ஆகாது. ஒரு வாய் தின்றால் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துப் போகும். அவன் வகுப்பில் வேறு பிள்ளைகளுக்கும் இப்படி இருப்பதால் கடலை, முந்திரி, பாதாம் எதையும் டிபன் பாக்ஸில் கொண்டுவரக் கூடாது என்பது விதி. அமெரிக்கப் பள்ளிகளில் இது இப்போது சாதாரணம். அங்கே வேர்க்கடலைக்கு மாற்றாகக் கடைகளில் இருக்கும் பண்டங்களில் சூரியகாந்திப் பருப்பு விழுதும் ஒன்று. ருசியும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான், கடைசியில் ஒரு சின்னக் கசப்பு தட்டும்.

சரி, கடலை ஆகாத உடம்பு இதை மட்டும் எப்படி ஏற்றுக்கொள்கிறது?

பள்ளிச் சான்றிதழில் ‘அங்க அடையாளங்கள்’ என்று ஒரு வரி இருக்கும். இடது புருவத்தின் மேல் ஒரு மச்சம், வலது முழங்கையில் ஒரு தழும்பு. நம் உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலமும் ஒரு புரதத்தை அப்படித்தான் நினைவில் வைக்கிறது. முழு உருவத்தை அல்ல, மேற்பரப்பில் அங்கங்கே உள்ள சில மேடு பள்ளங்களை. ஒவ்வாமை உள்ளவர்களின் உடம்பில் ஐஜிஇ என்ற எதிர்ப்பான்கள் இந்த அடையாளங்களை மனப்பாடம் செய்துகொண்டு, மாஸ்ட் செல்கள் என்ற காவல் செல்களின் மேல் குந்திக் காத்திருக்கும். அதே மச்சத்தோடு ஒரு புரதம் மறுபடி வந்தால் போதும், செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டிவிடும். அதனால்தான் தடிப்பு, வீக்கம், மூச்சு முட்டல் எல்லாம்.

வேர்க்கடலையில் அதிகம் வம்பு செய்கிறவற்றில் ஒன்று அரா எச் 2 என்ற புரதம். இது 2எஸ் அல்புமின் என்ற வகையைச் சேர்ந்தது. உருவத்தில் சின்னது, கந்தகப் பிணைப்புகளால் உள்ளுக்குள் இறுக்கிக் கட்டப்பட்டது. வறுத்தாலும் லேசில் அவிழாது, வயிற்று அமிலத்துக்கும் சட்டென்று கரையாது. முழுசாகவே குடல்வரை போய்ச் சேர்ந்து சண்டைக்கு நிற்கும்.

சூரியகாந்திப் பருப்பிலும் 2எஸ் அல்புமின் உண்டு என்பதுதான் வேடிக்கை. ஒரே உடல்வாகு, அதே இறுக்கம். ஆனால் மச்சமும் தழும்பும் வேறு. கடலை பயறுக் குடும்பம், அவரைக்கும் துவரைக்கும் பங்காளி. சூரியகாந்தியோ சாமந்தி, செவ்வந்தி இருக்கும் குடும்பம். இரண்டும் பரிணாமத்தில் பிரிந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டன. அதனால் கடலையின் அடையாளங்களைப் படித்து வைத்திருக்கும் எதிர்ப்பான் பெரும்பாலும் சூரியகாந்தியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

‘பெரும்பாலும்’ என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன். சூரியகாந்திக்கே ஒவ்வாமை உள்ளவர்களும் இருக்கிறார்கள், அரிது என்றாலும். கூண்டுப் பறவை வளர்ப்பவர்களிடம் இதைக் கண்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தினமும் தீனி போடும்போது பறக்கும் விதைத் தூசியை மூச்சில் இழுத்தே உடம்பு அதைப் பகையாக்கிக்கொள்கிறது. மாசிபத்திரி இனச் செடிகளின் மகரந்தம் ஒத்துக்கொள்ளாத சிலருக்கும் இந்த விதை ஒத்துக்கொள்வதில்லை. இரண்டும் ஒரே குடும்பம். தங்கை மகனுக்குக்கூட மருத்துவர் தோலில் பரிசோதனை செய்து பார்த்த பிறகுதான் பச்சைக்கொடி காட்டினார். கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு நாமாகவே கொடுத்துப் பார்ப்பது விளையாட்டல்ல.

இன்னொரு வில்லங்கம் விதையில் இல்லை, கரண்டியில் இருக்கிறது. அமெரிக்கச் சட்டம் ஒன்பது உணவுகளை முக்கிய ஒவ்வாமைப் பொருட்களாக வைத்திருக்கிறது. ஒன்பதாவதாக எள் சேர்ந்தது 2021இல். நடைமுறைக்கு வந்தது 2023 ஜனவரியில். சூரியகாந்தி அதில் இல்லை. ஆனால் முந்திரியும் கடலையும் ஓடிய அதே இயந்திரத்தில் இந்தப் பருப்பும் ஓடியிருக்கலாம். நம் ஊர் உலர்பழக் கடையில் பாருங்கள், வரிசையாகத் திறந்த டப்பாக்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அள்ளும் கரண்டி. கடலைத் தூள் ஒட்டிய கரண்டி சூரியகாந்தி டப்பாவுக்குள் போய் வந்தால், விதையின் நல்ல பெயரால் ஒரு பயனும் இல்லை. ஒவ்வாமை உள்ள வீடு என்றால் உதிரியாக வாங்கவே கூடாது.

இப்போது விதைக்குள் போவோம். தோலோடு நாம் விதை என்று சொல்வது உண்மையில் ஒரு முழுப் பழம், நெல்மணி மாதிரி. உள்ளே இருக்கும் சாம்பல் வெள்ளைப் பருப்புதான் விதை. ஒன்றை ஊறவைத்து நகத்தால் பிளந்தால் இரண்டு விதையிலைகள் தட்டையாகப் பிரியும். கூர்முனையில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துருத்தல், வேராகப் போவது அதுதான். மண்ணைப் பிளந்து வெளியே வந்து வெயிலில் சமைக்கத் தொடங்கும்வரை அந்தக் குட்டிக்குத் தாய்ச்செடி கட்டிக்கொடுத்த கட்டுச்சோறுதான் மீதி எல்லாம்.

அந்தக் கட்டுச்சோற்றை நாம் பறித்துத் தின்கிறோம். 100 கிராமில் ஏறக்குறைய 51 கிராம் கொழுப்பு, 21 கிராம் புரதம், 8 கிராமுக்கு மேல் நார்ச்சத்து, 580 கலோரிக்கு மேல் ஆற்றல். ‘சூப்பர் ஃபுட்’ என்று பாக்கெட்டில் அச்சடிப்பவர்கள் அந்தக் கடைசி எண்ணை மட்டும் பொடி எழுத்தில் போடுவார்கள். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், போதும். அதிலேயே 6 கிராம் புரதமும் 100 மில்லிகிராம் அளவுக்கு மெக்னீசியமும் வந்துவிடும்.

அந்த மெக்னீசியம் தனியாகக் கிடப்பதில்லை. பாஸ்பரஸ், இரும்பு, துத்தநாகத்தோடு சேர்ந்து ஃபைட்டேட் என்ற உப்பாகப் பூட்டப்பட்டிருக்கிறது. முளைக்கும்போது விதை தன் நொதியால் அந்தப் பூட்டைத் திறக்கும். நம் குடலில் அந்தச் சாவி அவ்வளவாகக் கிடையாது, அதனால் பாக்கெட்டில் போட்ட அளவு முழுவதும் உடம்பில் சேராது. ஊறவைத்தால் கொஞ்சம் திறக்கும், முளைகட்டினால் இன்னும் கொஞ்சம்.

புரதத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. புரதத்தைக் கட்டும் செங்கற்களான அமினோ அமிலங்களில், சூரியகாந்தியில் லைசின் குறைவு, மெத்தியோனின் நிறைவு. பருப்பு வகைகளில் நேர்மாறு. ஆகவே துவரம்பருப்புச் சாம்பாரும் சூரியகாந்திப் பொடி தூவிய பொரியலும் ஒரே தட்டில் இருந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். அந்த மெத்தியோனின் எங்கே குவிந்திருக்கிறது என்று பார்த்தால், எஸ்எஃப்ஏ-8 என்ற ஒரு புரதத்தில். அதிலுள்ள 103 அமினோ அமிலங்களில் 16 மெத்தியோனின். ஆட்டு ரோமம் வளர மெத்தியோனின் மாதிரி கந்தகம் உள்ள அமினோ அமிலம் வேண்டும் என்பதால், 1990களில் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இந்தப் புரதத்துக்கான மரபணுவை எடுத்து லூப்பின் என்ற தீவனப் பயறுக்குள் வைத்துப் பார்த்தார்கள். சத்துக்கு இவ்வளவு பேர்போன இந்த எஸ்எஃப்ஏ-8 வேறு எதுவுமில்லை, மேலே சொன்ன அதே 2எஸ் அல்புமின்தான். சூரியகாந்தி ஆகாதவர்களின் உடம்பு அடையாளம் வைத்துக்கொள்வதும் இதைத்தான்.

கொழுப்புக்கு வருவோம். வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் 4000 ஆண்டுகளுக்கு முன்பே வளர்த்த இந்தச் செடியை ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். எண்ணெய்ப் பயிராக்கியது ரஷ்யா. அங்கே புஸ்தவோய்ட் என்ற பயிர்ப் பெருக்க வல்லுநர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தே விதையின் எண்ணெய் அளவை 50 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவந்தார். இந்தியாவுக்கும் எண்ணெய்ப் பயிராக 1969இல் சோவியத் நாட்டிலிருந்துதான் வந்தது. ஆடி மாதம் தென்காசிப் பக்கம் சுந்தரபாண்டியபுரத்தில் மஞ்சள் வயலுக்கு நடுவே நின்று படமெடுத்துக்கொள்கிறவர்கள் கொஞ்சம் ரஷ்யாவுக்கும் நன்றி சொல்லலாம்.

இந்த எண்ணெயில் பெரும்பகுதி லினோலிக் அமிலம். நல்ல கொழுப்புதான், ஆனால் காற்றுக்கு ஆகாதது. அதன் சங்கிலியில் இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே ஒரு கார்பன் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதன் ஹைட்ரஜன் தொளதொளவென்று இருக்கும், எளிதில் கழன்றுவிடும். கழன்றால் அந்த மூலக்கூறு ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பிடுங்கும். அது அதற்கடுத்ததைப் பிடுங்கும். சின்ன வயதில் ஆடிய தொட்டுப் பிடிக்கிற ஆட்டம்தான்: தொடப்பட்டவர் அடுத்தவரைத் துரத்துவார். இப்படி உடைந்த மூலக்கூறுகளின் வாடைதான் நாம் ‘காறிப்போச்சு’ என்று முகம் சுளிப்பது.

வைட்டமின் ஈ இந்த ஆட்டத்தைக் கெடுக்க வந்த பிள்ளை. தொட்டால் தன் ஹைட்ரஜனைக் கொடுத்துவிடும், ஆனால் யாரையும் துரத்தாது, ஓரமாக உட்கார்ந்துகொள்ளும். அத்தோடு அந்தச் சங்கிலி அறுந்துவிடும். சூரியகாந்திப் பருப்பில் இது 100 கிராமுக்கு 35 மில்லிகிராம். பாதாமில் 26, வேர்க்கடலையில் 8 அளவுக்குத்தான். செடி இதை நம் தோல் மினுமினுக்க வைக்கவில்லை, தன் குட்டியின் சோறு காறிப்போகாமல் இருக்க வைத்தது.

தோலை உடைத்ததும் அந்தக் காவலில் பாதி போய்விடுகிறது. வறுத்தால் வாசம் வரும், ஆனால் வைட்டமின் ஈ கொஞ்சம் கழியும், எண்ணெய் அடங்கியிருந்த நுண்ணிய துளிகள் உடைந்து காற்றோடு கலக்கும். வறுத்த பருப்பு பச்சையை விடச் சீக்கிரம் காறுவது அதனால்தான். பச்சையாக வாங்கி, காற்றுப் புகாத பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைத்து, வேண்டிய அன்றைக்கு வெறும் சட்டியில் வறுத்துக்கொள்வது என் வழக்கம். காறிவிட்டதா என்று மூக்கை விட நாக்கு சீக்கிரம் சொல்லும்: ஒன்றைக் கடித்ததும் தொண்டையில் பெயின்ட் மாதிரி ஒரு கரகரப்பு வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டியதுதான்.

கட்டுச்சோற்றுக்கு இன்னொரு காவலாளியும் உண்டு, குளோரோஜெனிக் அமிலம். காப்பிக்கொட்டையில் இருக்கும் அதே சரக்கு. சூரியகாந்திப் பருப்பில் நூற்றுக்கு ஓரிரண்டு பங்கு இருக்கும். அந்தக் கடைசிக் கசப்பில் இதற்கும் பங்கு உண்டு. சாதாரணமாக நிறமில்லாமல் சாதுவாக இருக்கும். காரம் பட்டால்தான் குணம் மாறும். மிளகாய்க் காரம் அல்ல, வேதியியல் காரம். சோடா உப்பு அந்த வேலையைச் செய்தது. மாவு காரத்தன்மைக்கு மாறியதும் குளோரோஜெனிக் அமிலம் ஆக்சிஜனேற்றம் அடைந்து, பருப்பின் புரதத்திலுள்ள அமினோ அமிலங்களோடு கைகோத்துப் பச்சை நிறமியானது. இது மெதுவான வேலை. சூட்டோடு எடுத்தபோது தெரியவில்லை, இரவு முழுக்க டப்பாவில் ஆறிக் கிடந்தபோது தெரிந்தது. ஓரம் காய்ந்துவிட்டது, ஈரம் தங்கிய நடுப்பகுதி பச்சையானது. எண்ணெய் எடுத்த பிண்ணாக்கிலிருந்து மாவு, புரதம் என்று தயாரிக்க நினைக்கும் ஆலைக்காரர்களுக்கும் இதே தலைவலிதான். சத்தெல்லாம் சரியாக இருக்கும், பச்சை மாவை யார் வாங்குவார்கள்?

அடுத்த முறை சோடாவைப் பாதியாகக் குறைத்து, ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடு, இல்லையென்றால் அமிலம் சேர்ந்தே வரும் பேக்கிங் பவுடரைப் போடு என்று அன்று மாலை தங்கைக்கு எழுதினேன். போட்டிருக்கிறாள். பிஸ்கட் உள்ளேயும் வெளியேயும் பழுப்பாகவே வந்ததாம். பையன் ஒன்றைப் பிய்த்துப் பார்த்துவிட்டு, “பச்சை எங்கே?” என்று கேட்டிருக்கிறான். இப்போது அவர்கள் வீட்டில் சோடாவை அளந்து போடுவது அவன்தான்.