கைரேகைக்கும் ஒரு பூட்டு

வங்கிக் கிளை இல்லாத ஊர்களில் நூறு நாள் வேலைக் கூலியையோ முதியோர் உதவித்தொகையையோ எடுக்க வருபவரிடம் வங்கி முகவர் கேட்பவை மூன்றுதான்: எந்த வங்கி, ஆதார் எண் என்ன, விரலை இதில் வையுங்கள். ஏடிஎம் அட்டை வேண்டியதில்லை, ரகசிய எண் வேண்டியதில்லை, ஓடிபியும் வராது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தம் பணத்தைத் தாமே எடுக்க வழிசெய்த நல்ல ஏற்பாடு இது. அந்த எளிமையே திருடனுக்கும் வசதியாகிவிட்டது.

மூன்றில் வங்கியின் பெயரை ஊகித்துவிடலாம். ஆதார் எண் ஜெராக்ஸ் கடைக் கணினியிலும், தங்கும் விடுதியின் கோப்பிலும், யாரோ ஒருவரின் வாட்ஸ்அப்பிலும் கிடக்கிறது. எஞ்சுவது கைரேகை, அதையாவது எவரும் திருட முடியாது என்றுதான் நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆனால் வீடோ மனையோ வாங்கியவர்களின் கைரேகை, பதிவுச் சட்டத்தின் 32ஏ பிரிவுப்படி, புகைப்படத்துடன் கிரையப் பத்திரத்தில் பதிந்திருக்கிறது. 2018-இல் தெலங்கானாவின் பெத்தபள்ளி மாவட்டத்தில், பத்திரப்பதிவு இணையதளத்திலிருந்து ஆவணங்களை இறக்கி, அவற்றிலிருந்த ரேகைகளுக்கு ரப்பர் போன்ற பொருளில் அச்சு வார்த்து, ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளை இயக்கிய ஒருவர் கைதானார். இதே உத்தி பின்னர் வங்கிக் கணக்குகளின் பக்கமும் திரும்பியது.

ஒரு துண்டு ரப்பரிடம் கருவி ஏமாறுவது ஏன்? கைரேகைக் கருவிகளில் பல, ஒளியைக் கண்ணாடிப் பரப்பில் பட்டுத் திரும்பச் செய்து ரேகையைப் படம் பிடிப்பவை. விரலின் மேடுகள் கண்ணாடியைத் தொடும் இடங்களில் ஒளி முழுமையாகத் திரும்பாததால் அங்கே கருங்கோடு தெரியும். பள்ளங்கள் வெளிச்சமாக இருக்கும். அப்படத்தில் எந்தக் கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பவற்றைக் கருவி புள்ளிகளாகக் குறித்துக்கொள்ளும். அந்தப் புள்ளிகளை ஆதார் எண்ணுக்கு உரிய பதிவோடு ஒப்பிட்டு, மையத் தரவுத்தளம் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று மட்டும் பதில் தரும். அச்சில் வார்த்த ரேகையிலும் அதே மேடுகள், அதே புள்ளிகள். இதனால்தான் புள்ளிகளோடு விரலின் படத்தையும் சேர்த்துச் சோதித்து, அது உயிருள்ள விரல்தானா என்று பார்க்கும் முறையை ஆதார் ஆணையம் 2023 பிப்ரவரியில் அறிவித்தது. ஆணையம் ஒரு படி ஏறினால் திருடனும் ஒரு படி ஏறப் பார்ப்பான் என்பதால், அதை மட்டும் நம்பியிருக்க எனக்கு மனம் வரவில்லை.

கடவுச்சொல் கசிந்தால் வேறொன்று வைத்துக்கொள்ளலாம். விரலுக்கு அந்த வழி இல்லை. ஆகவே, ஏற்கெனவே பத்திரத்தில் பதிந்துவிட்ட ரேகையை மறைக்கப் பாடுபடுவதைவிட, அது செல்லுபடியாகும் பாதையை அடைப்பதே பயன் தரும். ஆதார் ஆணையத்தின் செயலியிலோ இணையதளத்திலோ, கைரேகை போன்ற உடல் அடையாளங்களைப் பூட்டிவைக்கும் ‘பயோமெட்ரிக் பூட்டு’ என்ற வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டால், ரேகை அச்சாகப் பொருந்தினாலும் 330 என்ற பிழை எண்ணோடு கோரிக்கை நிராகரிக்கப்படும். ஓடிபி வழியான சரிபார்ப்பு வழக்கம்போல நடக்கும். ரேஷன் கடையில் விரல் வைக்கும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும் என்பது ஒரு தொல்லைதான். கூலிக்கும் அரிசிக்கும் அடிக்கடி விரல் வைப்பவர்களுக்கு, அதுவும் கைப்பேசி கையாளத் தெரியாத பெரியவர்களுக்கு, இந்தப் பூட்டு எளிதில் பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆதார் நகல் கேட்கும் இடங்களில், முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்டுக் கடைசி 4 மட்டும் தெரியும் நகலை ஏற்பார்களா என்று முதலில் கேட்கலாம்; அதை ஆணையத்தின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ள முடியும். எண்ணையே கேட்டால், ஆதார் எண்ணுக்குப் பதிலாகப் பயன்படும், வேண்டும்போது மாற்றிக்கொள்ளக்கூடிய 16 இலக்க மெய்நிகர் எண்ணைத் தரலாம். முழு நகலைத் தந்தே ஆக வேண்டுமென்றால், எதற்காக, என்றைக்குக் கொடுத்தது என்பதைப் படத்தின் குறுக்கே பேனாவால் எழுதிவிடுவது என் வழக்கம். ஜெராக்ஸ் கடைக்காரரின் கணினியில் பிடிஎஃப் கோப்பை அழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அவர் முகம் சற்றுச் சுளிக்கும்.

கடந்த 6 மாதங்களில் நம் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் அதே செயலியில் கிடைக்கும். நாம் விரல் வைக்காத ஒரு நாளில் ‘கைரேகை’ என்று ஒரு வரி இருந்தால், உடனே பயோமெட்ரிக்கைப் பூட்டிவிட்டு வங்கிக்குச் சொல்ல வேண்டும். பணமும் போயிருந்தால் முதலில் அழைக்க வேண்டியது, சைபர் மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற எண்.