இரண்டு தறிகளும் ஒரு தாளமும்

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "சித்திரை வெயில் ஏறுவதற்கு முன்பு மொட்டைமாடியில் உட்கார்ந்து, மென்மையான மின்னணு நடன இசைத் தொகுப்புகளைக் கேட்பது என் வழக்கம். ஒரு மணி நேரம் ஓடுகிறது. ஒரு பாட்டு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று பிடிபடுவதே இல்லை. எப்படி ஒட்டுகிறார்கள்?"

விடை உங்கள் தெருவிலேயே இருக்கிறது, அம்மா. விசைத்தறிப் பட்டறை வாசலில் ஐந்து நிமிடம் நின்று, பக்கத்துப் பக்கத்துத் தறிகள் இரண்டை மட்டும் காதில் வாங்குங்கள். ஒரே வகைத் தறிதான். ஆனாலும் வேகத்தில் ஒரு துளி வித்தியாசம் இருக்கும். கொஞ்ச நேரம் இரண்டும் சேர்ந்து 'டக்' என்று அடிக்கும். பிறகு ஒன்று முந்தும். ஓசை 'டடக்' என்று பிளக்கும். அப்புறம் ஒன்றின் அடி மற்றதன் இடைவெளிக்குச் சரிநடுவே விழும். வேகம் இரட்டித்ததுபோல் தோன்றும். மெல்ல மெல்ல மறுபடி ஒன்று சேரும். சின்ன வயதில், தறிக்காரர்தான் வேண்டுமென்றே இதைச் செய்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது தறிக்குப் பதில் பாட்டை வையுங்கள். சிகாகோவில் வேர்ஹவுஸ் என்ற கிளப்பின் பெயரிலிருந்து பெயர் பெற்ற ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை வகையின் காலப்பிரமாணம், அதாவது தாள வேகம், சுமாராக நிமிடத்துக்கு 120 தட்டு. தட்டுக்கு அரை விநாடி. அடுத்த பாட்டு 118 தட்டு என்றால், 15 விநாடியில் இரண்டும் அரைத் தட்டு விலகிவிடும். 30 விநாடியில் ஒரு முழுத் தட்டு விலகி மறுபடி சேரும். நடுவே கேட்பது தறிப் பட்டறைதான்.

காலை நேரத்து மெல்லிசைத் தொகுப்பில் அவசரம் கிடையாது. ஒரு பாட்டை அடுத்ததற்குள் கரைக்க 128 தட்டு, அதாவது 64 விநாடி எடுத்துக்கொள்கிறார்கள் என்று வையுங்கள். இரண்டின் வேகமும் நிமிடத்துக்குப் பத்தில் ஒரு தட்டு மட்டுமே வேறுபட்டாலும், அந்த 64 விநாடியின் முடிவில் 53 மில்லி விநாடி விலகல் சேர்ந்துவிடும். காது அதை மன்னிக்காது. முரசு இரட்டையாக உதைக்கும். அதனால் டிஜே (பாட்டுகளை ஒட்டி ஓட்டுபவர்) வேகத்தையும் பொருத்த வேண்டும், அடி விழும் இடத்தையும் பொருத்த வேண்டும். இசைத்தட்டுக் காலத்தில் இதைக் காதாலும் விரல் நுனியாலும் செய்தார்கள். 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 என்ற இசைத்தட்டுச் சுழல்மேடையில் வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டவோ குறைக்கவோ ஒரு தள்ளுவிசை இருந்தது.

அதில் ஒரு சிக்கல். இசைத்தட்டை வேகமாகச் சுழற்றினால் சுருதியும் ஏறும். சுமார் 6 சதவீதம் கூட்டினால் போதும், ஒரு கட்டையில் இருந்த பாட்டு ஒன்றரைக் கட்டைக்குப் போய்விடும். இன்றைய மென்பொருள் ஒலியைச் சில பத்து மில்லி விநாடித் துண்டுகளாக நறுக்கி, விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி நெருக்கியோ தள்ளியோ அடுக்குகிறது. சுருதி அசையாமல் வேகம் மட்டும் மாறுகிறது.

சுருதி என்றதும், 432 ஹெர்ட்ஸில் காலையில் இசை கேட்டால் நோய் தீரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி நினைவுக்கு வருகிறது. ஹெர்ட்ஸ் என்பது ஒரு விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. விநாடி மனிதர் வகுத்துக்கொண்ட அளவு. அதை வேறு நீளத்துக்கு வகுத்திருந்தால் இந்த மந்திர எண்ணும் வேறாகியிருக்கும்! தாள ஓசையை ஆராய வேண்டுமானால் நேர்மையான வழி இருக்கிறது: மிருதங்கத்தின் ஒத்திசை அதிர்வுகளைப் பற்றி சி.வி. ராமன் 1920இலேயே எழுதினார். 

தட்டுகள் பொருந்தினாலும் வேலை முடியவில்லை. ஒரு பாட்டின் பாஸ் (அடித்தளமாக ஒலிக்கும் தாழ்ந்த சுருதி) 50 ஹெர்ட்ஸிலும் மற்றதன் பாஸ் 53 ஹெர்ட்ஸிலும் சேர்ந்து ஒலித்தால், விநாடிக்கு மூன்று முறை ஒலி வீங்கி வடியும். பள்ளி இயற்பியலில் படித்த விம்மல்தான் இது. எனக்கு இதில் பிடித்ததே இந்த இடம்தான்: தறிகள்போல் நிமிடத்துக்கு இரண்டு முறை சேர்ந்து பிரியும் அந்த 120, 118 தட்டுப் பாட்டுகளும் விநாடிக்கு மூன்று முறை விம்மும் பாஸும் ஒரே கணக்கு. இரண்டு வேகங்களின் வித்தியாசமே விம்மலின் வேகம். ஒன்றை எண்ணுகிறோம், மற்றது வயிற்றில் அதிர்கிறது.

அதனால் டிஜே இரண்டு பாஸையும் ஒன்றாக விடமாட்டார். புதிய பாட்டை அடித்தளம் இல்லாமல் நுழைப்பார். பழையதன் பாஸை இறக்கும் அதே நொடியில் புதியதன் பாஸை ஏற்றுவார். நாளைக் காலை ஹெட்போனில் கேளுங்கள். மேலே பழைய ராகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழே தரை மட்டும் மாறும். ஒட்டு அங்கேதான். ஏழு மணிக்கு முன்பே தேடிவிடுங்கள். அதற்குப் பிறகு பக்கத்துப் பட்டறை ஓடத் தொடங்கிவிடும், அந்தத் தறிகளுக்குத் தள்ளுவிசை கிடையாது.