மாணவர் உடைந்துபோகும் முன் யார் கண்ணில் படுகிறார்?

கல்லூரி மனநல ஆலோசகராக என் அறைக்கு ஒரு மாணவர் வந்து சேரும்போது பெரும்பாலும் தாமதமாகியிருக்கும். அதற்கு முன்பே அவரிடம் மாற்றத்தைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்: அறைத்தோழர், லேபில் கூட இருப்பவர், வருகைப் பதிவு எடுக்கும் ஆசிரியர், மெஸ்ஸில் பரிமாறுகிறவர், வார்டன். பையன் ஒழுங்காகச் சாப்பிட வருவதில்லை என்பது ஒருவருக்குத் தெரியும், அடுத்தடுத்து டெஸ்ட் எழுதவில்லை என்பது இன்னொருவருக்கு, ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறான் என்பது மூன்றாமவருக்கு. ஆனால் இந்த மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே இல்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வயதில் ஏன் இவ்வளவு கவனம் வேண்டும்? ஒருவருக்கு வாழ்நாளில் வரக்கூடிய மனநலப் பிரச்சினைகளில் முக்கால்வாசி 24 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்று 2005-ல் வெளியான அமெரிக்க தேசிய ஆய்வு ஒன்று காட்டியது. உலக அளவில் 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக் காரணங்களில் தற்கொலை மூன்றாவது இடத்தில் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ம் ஆண்டுக் கணக்கு. கல்லூரிக் காலம் அப்படியே இதன் நடுவில்தான் விழுகிறது, அதுவும் வீட்டை விட்டு வந்து, தூக்கம் குறைந்து, யாரிடமும் சொல்லாமல் சமாளித்தாக வேண்டும் என்று நினைக்கிற காலத்தில்.

அறிகுறி என்றால் எல்லோருக்கும் மனதில் வருவது மூலையில் அழுதுகொண்டிருக்கும் ஒரு மாணவர். நான் பார்க்கச் சொல்வது வேறு: அந்த மாணவர் வழக்கமாக எப்படி இருப்பார், இப்போது எப்படி இருக்கிறார்? சும்மாவே அமைதியாக இருப்பவர் அமைதியாக இருந்தால் அதில் ஒன்றும் இல்லை. வாயாடி ஒருவர் இரண்டு வாரமாகப் பேசவில்லை என்றால் கேட்க வேண்டும். ரெகார்டு நோட்டைப் புரட்டிப் பார்த்தாலே சில சமயம் தெரிந்துவிடும். முதல் பத்துப் பதினைந்து பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, படங்களுக்குப் பென்சிலில் நிழல் கொடுத்து, தலைப்புகளை வேறு மையில் எழுதியிருப்பார். ஒரு தேதிக்கு அப்புறம் எழுத்து சாய ஆரம்பிக்கும், பிறகு தேதி மட்டும் இருக்கும், அதன் பிறகு வெற்றுப் பக்கம். அதைப் பார்த்து "ஏன் முடிக்கலை?" என்று கேட்கிற ஆசிரியர்கள் உண்டு, "இந்தத் தேதிக்கு அப்புறம் என்னப்பா ஆச்சு?" என்று கேட்கிற ஆசிரியர்களும் உண்டு. இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் வரும்.

இன்னொன்று, கோபம். எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பது, சண்டைக்குப் போவது, திடீரென்று குடிக்க ஆரம்பிப்பது, இவற்றையெல்லாம் ஒழுங்கீனம் என்று எழுதி மெமோ கொடுத்துவிடுகிறோம். மனச்சோர்வு பல இளைஞர்களிடம், குறிப்பாக ஆண்களிடம், சோகமாக இல்லாமல் எரிச்சலாகத்தான் வெளியே வருகிறது. சிலருக்குத் தலைவலி, வயிற்றுவலி என்று உடம்பில் வரும். தனக்குப் பிரியமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, விடைபெறுவது போலப் பேசுவது, நாள்கணக்கில் வாடியிருந்தவர் காரணமே இல்லாமல் சட்டென்று நிம்மதியாகத் தெரிவது, இவற்றைப் பார்த்தால் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

சரி, பார்த்தாயிற்று, எப்படிக் கேட்பது? எல்லோர் முன்னாலும் வேண்டாம். தனியாக, நேரம் இருக்கும்போது, நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லித் தொடங்குங்கள்: "போன வாரம் மூணு கிளாஸுக்கு நீ வரலை, வந்த அன்னிக்கும் முகம் சரியில்லை. எப்படி இருக்க?" அதன் பிறகு வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கடினம். "ஒண்ணும் இல்ல சார்" என்பார். உடனே விட்டுவிட வேண்டாம், நோண்டவும் வேண்டாம். "சரி, எப்ப சொல்லணும்னு தோணுதோ வா" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் கழித்து நீங்களே போய்ப் பேசுங்கள். அந்த இரண்டாவது முறைதான் பலர் மனம் திறக்கிறார்கள், முதல் முறை கேட்டது ஒப்புக்கு இல்லை என்பது அப்போதுதான் உறுதியாகிறது. "இதுக்கெல்லாமா கவலைப்படுவாங்க", "உன்னைவிடக் கஷ்டப்பட்டவங்க எத்தனையோ பேர்", "அப்பா அம்மாவை நினைச்சுப் பாரு", இந்த மூன்றையும் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஏற்கெனவே குற்ற உணர்ச்சியில் கிடப்பவர் மேல் இன்னும் பாரம் ஏற்றுகிற வார்த்தைகள் அவை.

பேச்சில் நம்பிக்கை இழந்த சாயல் தெரிந்தால் நேராகவே கேட்க வேண்டும்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" இந்தக் கேள்வியைக் கேட்க எல்லோருக்கும் பயம், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று. அப்படி ஆவதில்லை. நியூயார்க் மாநிலத்தில் 2,300-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் நடத்தி 2005-ல் வெளியிட்ட ஆய்வில், தற்கொலை பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்கு மன உளைச்சல் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் குறைந்திருக்கவும் செய்தது. என் அறையிலும் அதைத்தான் பார்க்கிறேன், கேள்வியைக் கேட்டதும் தோள் இறங்கும், மூச்சு வரும்.

"ஆமாம்" என்று பதில் வந்தால் அவரைத் தனியாக விடக் கூடாது. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளக்கூடிய எதுவும் எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று கெஞ்சுவார், அந்த வாக்குறுதியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். "உன் உயிர் சம்பந்தப்பட்டது, உதவி பண்ணக்கூடிய ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லுவேன், நீ கூட இருக்கும்போதே சொல்லுவேன்" என்று சொல்லலாம். ஆலோசகரின் நம்பரைக் கையில் கொடுத்து அனுப்பாமல் கூடவே நடந்து வாருங்கள். இரவாக இருந்தால் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ, நெருக்கடி உதவி எண்ணுக்கோ அப்போதே போக வேண்டும்.

பெற்றோருக்கு உடனே போன் போடுவது பற்றி ஒரு வார்த்தை. உயிருக்கு ஆபத்து என்றால் தெரிவித்தே ஆக வேண்டும். அது இல்லாதபோது முதலில் மாணவரிடம் கேளுங்கள், ஏனென்றால் சிலருக்குப் பிரச்சினையே வீட்டில்தான் இருக்கிறது. யாரிடம் சொன்னால் அவருக்குப் பாதுகாப்பாக இருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும், அது அக்காவாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம்.

கல்லூரி நிர்வாகத்திடம் நான் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஆசிரியர், வார்டன், மெஸ் ஊழியர், சக மாணவர் என யாராக இருந்தாலும் கண்ணில் பட்டதைச் சொல்ல ஒரு ஆள், ஒரு எண் இருக்கட்டும். சொல்லும்போது கண்டதை மட்டும் சொல்லட்டும், காதல் தோல்வியாம், வீட்டில் சண்டையாம் என்ற ஊகம் வேண்டாம், ஸ்டாஃப் ரூமில் பேச்சாகவும் ஆக வேண்டாம். ஒரு தடவை தன் விஷயம் வெளியே கசிந்தது தெரிந்தால் அந்த மாணவர் மட்டுமில்லை, அவர் நண்பர்களும் அதற்குப் பிறகு வர மாட்டார்கள்.

சிகிச்சை தொடங்கியதும் எல்லோரும் ஆசுவாசப்பட்டு விலகிவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய கவலை. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் நன்றாக வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். அந்த இடைவெளியில் மாணவர் வகுப்புக்குத் திரும்பி வந்து பார்த்தால் விட்டுப்போன பாடம் குவிந்து கிடக்கும். தவறவிட்ட டெஸ்டுக்கு வேறு தேதி கொடுப்பது, நோட்ஸை ஒரு நண்பர் எடுத்து வைப்பது, விடுமுறை நாளில் விடுதி காலியாகும்போது யார் அவரோடு இருப்பார் என்று முன்கூட்டியே பேசி வைப்பது, இதெல்லாம் என்னால் அறையில் உட்கார்ந்துகொண்டு செய்ய முடியாதவை. உங்களால் முடியும். இதையெல்லாம் செய்துவிட்டு உங்களுக்கே இரவில் தூக்கம் வரவில்லை என்றால், ஆசிரியராக இருந்தாலும் மாணவராக இருந்தாலும் ஆலோசகர் அறைக்கு நீங்களும் வரலாம்.