“சுத்த சைவம்” என்றால் எதுவரை சைவம்?

“நான் சுத்த சைவம்ங்க” என்பார்கள், அதோடு கேட்க வேண்டியது முடிந்துவிட்டது போல. டயட்டீஷியனான எனக்கு அங்கேதான் கேள்வியே ஆரம்பிக்கும். பால் உண்டா? தயிர்? கேக்கில் இருக்கும் முட்டை?

நம் ஊர்ச் சைவத்தில் பால், தயிர், நெய் எல்லாம் சேர்த்தி. முட்டை சேராது; முட்டை கலந்த பாக்கெட்டுக்குப் பச்சைப் புள்ளி கிடைக்காது. மேல்நாட்டிலோ முட்டை சாப்பிடுகிறவரும் வெஜிடேரியன்தான். சமணர்கள் பால் குடிப்பார்கள், உருளைக்கிழங்கைத் தொடமாட்டார்கள். 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் குழுவினர் பெயர் சூட்டிய ‘வீகன்’ முறையில் பால், தேன்கூடக் கிடையாது. செவ்வாய், வெள்ளி கவிச்சி ஆகாது, புரட்டாசி முழுக்கச் சைவம் என்றிருக்கும் வீடுகளை இப்போது ‘ஃப்ளெக்ஸிடேரியன்’ என்கிறார்கள். பாட்டிகள் கேட்டால் சிரிப்பார்கள்.

பெயர் எதுவாகவும் இருக்கட்டும், நான் தேடுவது நரம்புக்கும் ரத்தத்துக்கும் வேண்டிய வைட்டமின் பி12-ஐ. செடி கொடிகள் அதை உண்டாக்குவதில்லை. ஸ்பைருலினா என்கிற பாசியில் இருப்பதும் பெரும்பாலும் நம் உடம்புக்கு உதவாத போலி வகை.

ஒரு அம்மா வந்தார், அறுபதை நெருங்கும் வயது. பாதம் மரத்துப்போகிறது, நாக்கு எரிகிறது. “சுகர் இருக்கில்ல, அதான்” என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். சளி பிடிக்கும் என்று தயிரை நிறுத்தி நாலு வருடம். பால்? இரண்டு வேளை காபியில் மட்டும், மொத்தம் 100 மில்லி இருக்கும். அதில் பி12 அரை மைக்ரோகிராம்கூடத் தேறுவது கஷ்டம். தேவையோ தினமும் இரண்டுக்கு மேல். போதாக்குறைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை. அது பி12 உடம்பில் சேருவதைக் குறைக்கும். தன்னை அறியாமலே அவர் முக்கால்வாசி வீகன்! கல்லீரலின் சேமிப்பு சில வருடம் தாங்கும் என்பதால் குறை வெளியே தெரியவும் நாளாகும். கீரை நிறையச் சாப்பிடுபவராக இருந்தால், அதிலுள்ள ஃபோலேட் சத்து மறைத்துவிடுவதால் ரத்தசோகைகூடத் தெரியாமல், நேராக நரம்பிலேயே காட்டலாம்.

டாக்டரிடம் அனுப்பினேன். ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவுதான். ஊசி போட்டு, அப்புறம் மாத்திரை எழுதிக்கொடுத்தார். சீட்டோடு திரும்பி வந்த அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “இந்த மாத்திரை சைவம்தானே?”

சரியான கேள்வி. மருந்துக்கான பி12-ஐ நுண்ணுயிரிகளை வளர்த்துத்தான் எடுக்கிறார்கள், பயமில்லை. ஆனால் கேப்சூலின் கூடு பெரும்பாலும் ஜெலட்டின், அதாவது மாடு போன்ற விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து வருவது. “கேப்சூல் வேண்டாம், மாத்திரையாவே குடுங்கன்னு கடையில் கேட்டு வாங்குங்கம்மா” என்றேன்.